மகளுக்கு ஒரு லேப்டாப்



இந்தப் பாடத்தைப் படிக்கும் முன் கொஞ்சம் பேசுவோம்.

உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை உண்டா? அந்தப் பிள்ளை லேப்டாப் கேட்டதா? கடையில் விலை கேட்டீர்களா? கடைக்காரர் என்ன சொன்னார்? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவர் சொல்வதையும் கேளுங்கள். பிறகு படியுங்கள்.

1. இட்லிக்கார அக்கா

ஐதராபாத்தில் மல்காஜ்கிரி என்ற பகுதி உண்டு. அங்கே தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். எங்கள் மாலை வகுப்பு அங்கேதான் நடக்கிறது.

வகுப்புக்கு ஓர் அக்கா வருவார். காலையில் தள்ளுவண்டியில் இட்லி விற்பார். எல்லாரும் அவரை இட்லிக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய கணவர் ஆட்டோ ஓட்டுகிறார்.

அக்காவின் மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. கணினிப் பாடப் பிரிவு. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. வேலூரில் இருக்கும் அக்காவின் தங்கை மகன் அப்படி ஒன்று வாங்கினான். ஐதராபாத்தில் இருக்கும் அக்கா சொந்தப் பணத்தில்தான் வாங்க வேண்டும்.

அக்கா இரண்டு வருடம் சீட்டுக் கட்டினார். கையில் 50,000 ரூபாய் வந்தது. குடும்பமே கிளம்பிக் கடைக்குப் போனது.

2. கடைக்காரர் எழுதிய விலைத்தாள்

அடுத்த நாள் அக்கா வகுப்புக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. கையில் ஒரு தாள் இருந்தது.

“டீச்சர், இதைப் படிச்சுப் பாருங்க. 50,000 ரூபாய் போதாதாம். எனக்குத் தூக்கமே வரல” என்றார்.

நான் படிக்கவில்லை. “நீங்களே படியுங்க அக்கா. எண்கள் எல்லாம் உங்களுக்குத் தெரியுமே” என்றேன்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மகள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். அக்கா எண்களைப் படித்தார். நான் கரும்பலகையில் எழுதினேன்.

லேப்டாப் – 46,000 ரூபாய்
ராம் 8 ஜி.பி.யை 16 ஆக்க – 5,500 ரூபாய்
சேமிப்பு 512 ஜி.பி.யை 1 டி.பி. ஆக்க – 5,000 ரூபாய்
கூடுதல் வாரண்டி, 2 ஆண்டு – 4,500 ரூபாய்
வைரஸ் தடுப்பு – 1,200 ரூபாய்
மவுஸ், திரை ஒட்டு, விசைப்பலகை உறை, காற்றாடித் தட்டு – 2,300 ரூபாய்
மொத்தம் – 64,500 ரூபாய்

(விலை நாளுக்கு நாள் மாறும். கணக்குப் புரிவதற்காக முழு எண்களாக எழுதியிருக்கிறோம்.)

வகுப்பில் எல்லாரும் கணக்குப் போட்டோம். 64,500-இல் 50,000 போனால் மீதி 14,500 ரூபாய்.

“அந்த 14,500-ஐத் தவணையில் கட்டலாம்னு சொன்னார். ‘பிள்ளை படிப்பும்மா, கணக்குப் பார்க்காதீங்க’ன்னு சொன்னார். எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. நான் கணக்குப் பார்த்தால் என் மகள் படிப்பு கெட்டுப் போயிடுமோ?” என்று அக்கா கேட்டார்.

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. நல்ல கேள்வி அது.

கரும்பலகையைத் திரும்பப் பாருங்கள். லேப்டாப்பின் விலை 46,000 ரூபாய்தான். அது அக்காவின் கையில் இருக்கும் பணத்துக்குள் அடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள வரிகளெல்லாம் கூடுதல். கூடுதல் மட்டும் 18,500 ரூபாய்.

அந்தக் கூடுதலில் எது தேவை? எது தேவை இல்லை? எது இப்போது தேவை? எது பிறகு போதும்? எனக்கும் முழுதாகத் தெரியவில்லை. தெரிந்தவரிடம் கேட்கலாம் என்று முடிவு செய்தோம்.

3. லேப்டாப்புக்குள் என்ன இருக்கிறது?

செகந்தராபாத்தில் பார்க் லேன் என்ற தெரு உண்டு. அங்கே சினாய் டிரேட் சென்டர் என்ற கட்டடம் இருக்கிறது. கணினிக் கடைகளுக்குப் பெயர் பெற்ற இடம் அது. புதியது விற்பார்கள். பழையது விற்பார்கள். ரிப்பேரும் செய்வார்கள்.

அங்கே லேப்டாப் ரிப்பேர் செய்யும் ஒரு தமிழ்த் தம்பியைப் பார்த்தோம். அவர் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். அக்கா முதல் முறையாக லேப்டாப்பின் உள்ளே பார்த்தார்.

“அக்கா, உங்க இட்லிக் கடையை நினைச்சுக்குங்க. அதே மாதிரிதான் இதுவும்” என்றார் தம்பி.

செயலி: இது வேலை செய்யும் ஆள். இட்லி ஊற்றுவதும் தோசை சுடுவதும் ஆள்தான். ஆள் கெட்டிக்காரர் என்றால் வேலை வேகமாக நடக்கும். ஐ3, ஐ5, ரைசன் 3, ரைசன் 5 என்பவை செயலிகளின் பெயர்கள். எண் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. எந்த ஆண்டு வந்தது என்றும் கேட்க வேண்டும். பழைய ஐ5-ஐ விடப் புதிய ஐ3 வேகமாக இருப்பதும் உண்டு.

ராம்: இது மேடை. மேடை அகலமாக இருந்தால் மாவு, சட்னி, சாம்பார், தட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பலாம். மேடை சின்னது என்றால் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் இன்னொன்றை வைக்க முடியும். வேலை மெதுவாகும். ராமின் அளவை ஜி.பி. என்ற கணக்கில் சொல்வார்கள். 8 ஜி.பி. என்பது நடுத்தர மேடை. 16 ஜி.பி. என்பது பெரிய மேடை. கடையை மூடினால் மேடையைத் துடைத்துவிடுவோம் அல்லவா? லேப்டாப்பை அணைத்தால் ராமும் காலியாகிவிடும்.

எஸ்.எஸ்.டி.: இது அலமாரி. அரிசி, உளுந்து எல்லாம் பத்திரமாக இருக்கும் இடம். பாடம், படம், கணக்கு எல்லாம் இதில்தான் தங்கும். லேப்டாப்பை அணைத்தாலும் அழியாது. இதற்கும் அளவு ஜி.பி.தான். 1 டி.பி. என்றால் ஏறத்தாழ 1,000 ஜி.பி. முன்பு ஹார்ட் டிஸ்க் என்ற சுழலும் தட்டு இருந்தது. அது மெதுவானது. கீழே விழுந்தால் எளிதில் கெட்டுப் போகும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லை. வேகமும் அதிகம்.

கிராபிக்ஸ் கார்டு: இது படத்துக்கென்று தனியாக வைக்கும் ஆள். சாதாரண வேலைக்குச் செயலியோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸே போதும். கட்டட வரைபடம், முப்பரிமாணப் படம், பெரிய வீடியோ, பெரிய விளையாட்டு ஆகியவற்றுக்குத் தனிக் கார்டு உதவும். அது இருந்தால் லேப்டாப்பின் விலை கூடும். எடை கூடும். பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

4. கம்பி விட்டுக் கட்டிய வீடு

அக்கா ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, இதெல்லாம் இப்பவே வாங்கணுமா? பின்னால் சேர்க்க முடியாதா?”

தம்பி சிரித்தார். “இதைத்தான் முதல்ல கேட்கணும் அக்கா. பலர் கேட்கிறதே இல்லை” என்றார்.

பிறகு அவர் இரண்டு லேப்டாப்புகளைத் திறந்து காட்டினார்.

முதல் லேப்டாப்பில் ராம் தனி அட்டையாக இருந்தது. பக்கத்தில் ஒரு காலி இடமும் இருந்தது. அதை ஸ்லாட் என்பார்கள். அங்கே இன்னொரு ராம் அட்டையைச் செருகலாம். சில நிமிட வேலை.

இரண்டாவது லேப்டாப்பில் ராம் அட்டையே தெரியவில்லை. ராமைப் பலகையோடு சேர்த்துப் பற்ற வைத்துவிட்டார்கள். காலி இடமும் இல்லை. “இதில் 8 என்றால் கடைசி வரைக்கும் 8-தான்” என்றார் தம்பி. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் இப்படித்தான் செய்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அக்காவின் கணவர் முன்பு கொத்தனாருக்குக் கையாளாக வேலை செய்தவர். அவர் சட்டென்று சொன்னார்:

“வீடு கட்டுற மாதிரிதான். இன்னைக்குக் கீழ் வீடு கட்டத்தான் காசு இருக்கு. ஆனா தூணில் கம்பி விட்டு வச்சுக் கட்டுவோம். நாளைக்குக் காசு வந்தா மாடி எழுப்பலாம். கம்பி விடலைன்னா மாடி எழுப்ப முடியாது.”

“அதேதான் அண்ணா!” என்றார் தம்பி.

நண்பர்களே, இந்தப் பாடத்தில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். பின்னால் மாற்ற முடியாததை முதலில் நன்றாகப் பார்த்து வாங்க வேண்டும். பின்னால் சேர்க்கக் கூடியதற்கு இடம் இருந்தால் போதும். அதற்கான பணத்தைப் பிறகு கொடுக்கலாம்.

“பின்னால் வாங்கினால் விலை குறையுமா?” என்று மகள் கேட்டாள்.

“அப்படிச் சொல்ல முடியாது. ஏறவும் ஏறும், இறங்கவும் இறங்கும்” என்றார் தம்பி. 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் உலகம் முழுவதும் ராம் விலை வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய பெரிய கணினி நிலையங்கள் கட்டப்படுகின்றன. அவற்றுக்கு நினைவகச் சில்லுகள் ஏராளமாக வேண்டும். அதனால் லேப்டாப்புக்கான ராமும் விலை ஏறியது. ஆகவே இரண்டு விலையையும் கேட்க வேண்டும். இப்போதே சேர்த்தால் எவ்வளவு? தனியாக வாங்கினால் எவ்வளவு? தேவை உடனே இருந்து, பணமும் இருந்தால், இப்போதே சேர்க்கலாம். தேவை அடுத்த ஆண்டுதான் என்றால் கடன் வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை.

5. மூன்று கட்டம்

அன்று மாலை மகள் கல்லூரியின் மூத்த மாணவிகளிடம் கேட்டாள். கல்லூரி கொடுத்த தாளையும் படித்தாள். 8 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்தால் முதல் ஆண்டுக்குப் போதும் என்று தெரிந்தது. மூன்றாம் ஆண்டில் 16 ஜி.பி. இருந்தால் நல்லது என்று மூத்த மாணவிகள் சொன்னார்கள். தனிக் கிராபிக்ஸ் கார்டு அவர்கள் பலரிடம் இல்லை. பெரிய வேலைகளுக்குக் கல்லூரி ஆய்வுக் கூடத்தில் கணினிகள் இருக்கின்றன.

அக்கா தன் நோட்டில் மூன்று கட்டம் போட்டார். அவரே எழுதினார்.

கட்டம் 1 – மாற்ற முடியாது. இப்போதே பார்க்க வேண்டும்.
செயலி.
திரை. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். ‘முழு எச்.டி.’ என்று இருக்க வேண்டும்.
விசைப்பலகை. தட்டிப் பார்க்க வேண்டும்.
எடை. தினமும் பஸ்ஸில் தூக்க வேண்டும்.
ராமுக்குக் காலி இடம்.
எஸ்.எஸ்.டி.யை மாற்ற வழி.

கட்டம் 2 – பின்னால் சேர்க்கலாம்.
கூடுதல் ராம்.
பெரிய எஸ்.எஸ்.டி.
கூடுதல் வாரண்டி. (கடைசித் தேதியைக் கேட்க வேண்டும்.)

கட்டம் 3 – வேண்டாம்.
வைரஸ் தடுப்பு. விண்டோஸோடு ஒன்று இலவசமாகவே வருகிறது.
விசைப்பலகை உறை, திரை ஒட்டு, காற்றாடித் தட்டு.
தனிக் கிராபிக்ஸ் கார்டு.

மவுஸ் எந்தக் கட்டம்? அது சின்னச் செலவு. நாள் முழுக்க விரல் தேய்க்கும் பிள்ளைக்கு உதவும். “மவுஸ் வாங்கலாம்” என்று அக்கா தனியாக எழுதினார்.

கடிதம், கணக்கு எழுதும் மென்பொருளைப் பற்றியும் பேசினோம். சில லேப்டாப்புகளில் அது விலையோடு சேர்ந்தே வரும். வராவிட்டாலும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள். இந்தக் கட்டங்கள் அக்காவின் மகளுக்குப் பொருந்தும். கட்டடக் கலை படிக்கும் பிள்ளைக்குக் கிராபிக்ஸ் கார்டு முதல் கட்டத்துக்கு வரும். வணிகவியல் படிக்கும் பிள்ளைக்கு 16 ஜி.பி. ராம் ஒருவேளை தேவையே படாது. கல்லூரியைக் கேட்டுவிட்டுக் கட்டம் போடுங்கள்.

6. மறுபடியும் கடைக்கு

ஞாயிற்றுக்கிழமை அதே கடைக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன்.

கடைக்காரர் இன்னொரு லேப்டாப்பைக் காட்டினார். “இது 43,000தான். அதே செயலி, அதே 8 ஜி.பி., அதே 512. மெல்லியது, அழகு” என்றார்.

அக்காவின் கணவருக்கு முகம் மலர்ந்தது. “3,000 ரூபாய் மிச்சம். இதையே வாங்கலாம்” என்றார்.

அக்கா நோட்டைப் பிரித்தார். விரல் வைத்துப் படித்தார்.

“அண்ணா, இதில் ராமுக்குக் காலி இடம் இருக்கா?”

கடைக்காரர் ஒரு நிமிடம் அக்காவைப் பார்த்தார். பிறகு கம்பெனியின் விவரத் தாளைப் பார்த்தார். “இல்லைம்மா. இது பலகையோடு பற்ற வச்சது” என்றார்.

“அந்த 46,000 ரூபாய் லேப்டாப்பில்?”

“அதில் ஒரு இடம் காலியா இருக்கும்மா. 8-க்குப் பக்கத்தில் இன்னொரு 8 போட்டுக்கலாம்.”

அக்கா கணவரைப் பார்த்தார். “கம்பி விட்டது எது, விடாதது எது, புரியுதா?” என்றார்.

அவர் தலையாட்டினார். 3,000 ரூபாய் கூடக் கொடுத்தால் ஒரு காலி இடம் கிடைக்கும். அந்தக் காலி இடம் இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டில் வேறு லேப்டாப் வாங்க வேண்டி வரலாம்.

அக்கா அடுத்த வரியைப் படித்தார். “பின்னால் ராம் போட்டால் வாரண்டி போயிடுமா?”

“கம்பெனி சர்வீஸ் சென்டரில் போட்டால் பிரச்சினை இல்லைம்மா” என்றார் கடைக்காரர்.

“அதைக் கம்பெனியின் வாரண்டித் தாளில் காட்டுங்க” என்றாள் மகள். காட்டினார். அவள் படித்துப் பார்த்தாள்.

“கூடுதல் வாரண்டியை எப்ப வரைக்கும் வாங்கலாம்?”

“முதல் வருட வாரண்டி முடியறதுக்குள்ள வாங்கிக்கலாம்.”

எல்லாக் கம்பெனிகளிலும் இப்படி இல்லை. சில வாரண்டிகளை வாங்கிய சில நாட்களுக்குள் எடுக்க வேண்டும். ஆகவே தேதியைக் கேட்டே ஆக வேண்டும். இன்னொன்றையும் கேளுங்கள். சாதாரண வாரண்டியில் கீழே விழுந்தால், தண்ணீர் கொட்டினால் பணம் கிடைக்காது. அதற்கு விபத்துப் பாதுகாப்பு என்று தனியாக உண்டு.

கடைசியில் அக்கா வாங்கியது இவ்வளவுதான்:

லேப்டாப் – 46,000 ரூபாய்
மவுஸ் – 400 ரூபாய்
மொத்தம் – 46,400 ரூபாய்

கையில் 3,600 ரூபாய் மீதி. அதை மகள் பெயரில் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போட்டார். மாதம் கொஞ்சம் சேர்த்துக் கொண்டே வந்தால் ராமுக்கு ஆகும். வீட்டுக் காலண்டரில் பதினோராவது மாதத்தில் ஒரு வட்டம் போட்டார். அது வாரண்டியைப் பற்றி முடிவு செய்யும் நாள்.

வெளியே வந்ததும் மகள் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அம்மா, நீ படிச்சதைக் கடையில எல்லாரும் பார்த்தாங்க” என்றாள்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

7. பணம் கொடுக்கும் முன்

இந்தப் பட்டியலைக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றாகச் சரி பாருங்கள்.

1. பெட்டியைக் கடையிலேயே உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

2. பெட்டியில் ஒரு வரிசை எண் இருக்கும். லேப்டாப்பின் அடியிலும் இருக்கும். பில்லிலும் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

3. லேப்டாப்பைப் போட்டுப் பாருங்கள். ராம் எவ்வளவு என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். கடையில் ராம் சேர்த்திருந்தால் கட்டாயம் பாருங்கள். 16-க்குப் பணம் கொடுத்தால் 16 காட்ட வேண்டும்.

4. ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். “பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்” என்றால் ஏமாறாதீர்கள். பில் இல்லாமல் வாரண்டி கேட்பது கடினம்.

5. தவணை என்றால் இரண்டு எண் கேளுங்கள். இன்று ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு? தவணை எல்லாம் முடியும்போது மொத்தம் எவ்வளவு? வட்டி இல்லை என்று சொன்னாலும் கட்டணம் என்று ஒரு தொகை இருக்கலாம்.

6. பிள்ளைக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்குகிறீர்களா? படிப்புக்குத் தேவையான கணினியின் விலையையும் அதில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

7. கடையிலோ கம்பெனியிலோ நியாயம் கிடைக்கவில்லையா? 1915 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். பில் கையில் இருக்க வேண்டும்.

பழைய லேப்டாப் வாங்குவோர் கவனத்துக்கு

பணம் குறைவு என்றால் பழைய லேப்டாப் வாங்கலாம். தவறில்லை. ஆனால் ஒன்றைக் கேளுங்கள்: “இதில் விண்டோஸ் 11 ஓடுமா?” விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. மிகப் பழைய செயலி உள்ள லேப்டாப்புகளை விண்டோஸ் 11 ஏற்காது. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்றும் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

நம் ஊர்ச் செய்தி

ஈ.சி.ஐ.எல். போகும் பஸ்ஸில் நீங்கள் ஏறியிருப்பீர்கள். ஈ.சி.ஐ.எல். என்பது ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர் மட்டும் இல்லை. இந்திய மின்னணுக் கழகம் என்ற அரசு நிறுவனத்தின் சுருக்கப் பெயர் அது. அணுசக்தித் துறையின் கீழ் 1967-இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டது. டி.டி.சி.-12 என்ற கணினியை அந்த நிறுவனம் செய்தது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட தொடக்ககாலக் கணினிகளில் அதுவும் ஒன்று. அந்தக் காலக் கணினி பீரோ போலப் பெரிதாக இருக்கும். இன்று அதைவிடப் பல மடங்கு வேகமான கணினி நம் பிள்ளையின் தோள்பைக்குள் அடங்கிவிடுகிறது.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. ராம் எதைப் போன்றது? எஸ்.எஸ்.டி. எதைப் போன்றது?
2. 43,000 ரூபாய் லேப்டாப்பை அக்கா ஏன் வாங்கவில்லை?
3. வீட்டுத் தூணில் எதற்காகக் கம்பி விடுகிறார்கள்?
4. நுகர்வோர் உதவி எண் என்ன?

ஆ. கணக்குப் போடுங்கள்.
1. கடைக்காரர் முதலில் எழுதிய மொத்தம் 64,500 ரூபாய். அக்கா செலவு செய்தது 46,400 ரூபாய். வித்தியாசம் எவ்வளவு?
2. அக்காவிடம் 3,600 ரூபாய் இருக்கிறது. ராமின் விலை 5,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் எவ்வளவு வேண்டும்? மாதம் 100 ரூபாய் சேர்த்தால் எத்தனை மாதம் ஆகும்?

இ. சரியா, தவறா?
1. பலகையோடு பற்ற வைத்த ராமை வீட்டிலேயே மாற்றலாம்.
2. லேப்டாப்பை அணைத்தாலும் எஸ்.எஸ்.டி.யில் உள்ளது அழியாது.
3. சாதாரண வாரண்டி இருந்தால், தண்ணீர் கொட்டிக் கெட்டாலும் பணம் கிடைக்கும்.

ஈ. கூடிப் பேசுங்கள்.
“பிள்ளை படிப்பு, கணக்குப் பார்க்காதீங்க” என்று கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னது சரியா? பீஸ் கட்டும்போதும் புத்தகம் வாங்கும்போதும் உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னார்களா? நீங்கள் என்ன செய்தீர்கள்?

உ. நீங்களே எழுதுங்கள்.
உங்கள் வீட்டில் அடுத்து வாங்கப் போகும் பெரிய பொருள் எது? மிக்சியா, தையல் இயந்திரமா, வண்டியா? நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். மாற்ற முடியாதது, பின்னால் சேர்க்கக் கூடியது, வேண்டாதது என்று எழுதுங்கள். எழுதிய தாளைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். கடையில் வாய்விட்டுப் படியுங்கள்.